கடற்கரைக்கு அரண் செய்த சட்டத்தரணி

பொருளுடையார் பொருளீந்து அறஞ் செய்வர். உடல் வலியுடையார் உழைப்பீந்து அறஞ் செய்வர். தாம் கற்ற கல்வியையே கொடைப்பொருளாக்கி அறஞ் செய்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய ஆங்கிலச் சட்டத்தரணி சேர் றொபேட் ஹன்ரர் அவர்களின் வரலாற்றை, பயிலும் மாணவர்க்கும், சட்டத்துறையிற் புகுந்துள்ள பழைய மாணவர்க்கும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இவர் 1844 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 27 ஆம் நாள், இன்று இலண்டன் மாநகரின் ஒரு பகுதியாயுள்ள கம்பவெல்லிற் பிறந்தார். தந்தையார் கப்பற்றலைவராயும் கப்பலுரிமையாளராயும் விளங்கியவர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பயின்ற ஹன்ரர், பின்னர் சட்டத்துறையை மேற்கொண்டார்.

அக்காலத்தில் இலண்டனைச் சூழ்ந்திருந்த பொது மேய்ச்சல் நிலங்களை நிலப்பிரபுக்கள் வேலியிட்டு அடைத்து வந்தனர். ஏழைகள் கால்நடை மேய்க்கவும் விறகெடுக்கவும் ஓய்வு நாளில் உலாவவும் இருந்த வெளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. அவற்றைக் காக்கும் வழி யாது என்பது பற்றி 1866 இல் நடந்த கட்டுரைப் போட்டியில், ஹன்ரர் எழுதிய கட்டுரையும் பரிசுக்குரியவற்றுள் ஒன்றாயிற்று. 1868 இல், தமது இளமைப் பருவத்திலேயே, பொது நிலப் பாதுகாப்புச் சங்கத்தின் சட்டத்தரணியாக அவர் அமர்ந்தார்.

எப்பிங் வன வழக்கு அவர்தம் புலமையை நாடறியச் செய்தது. அவ்வனத்தைச் சார்ந்த நிலமுடையார் எவர்க்கும் வனம் முழுவதிலும் மேய்ச்சலுரிமை உண்டு என்பதைப் பழைய ஆவணங்களை ஆராய்ந்து நிலைநாட்ட அவர் துணைநின்றார். அவ்வாறு நிலமுடையதாயிருந்த இலண்டன் நகர சபையே வாதியாக நின்றது. 1874 இல் தீர்ப்பு மக்களுக்குச் சார்பாயிற்று. 1878 இல் எழுந்த சட்டத்தால் அவ்வனம் பொதுமக்களுக்கு என்றும் உரியதாயிற்று.

எனினும், வழக்கால் எல்லா நிலத்தையும் காத்தல் இயலாது என்பதை ஹன்ரர் நன்குணர்ந்தார். மேய்ச்சலுரிமை உடையார் இருக்கும் நிலத்துக்கே சட்டத்தின் துணை உண்டு. தனியொருவர்க்குரிய மலைச்சாரலையோ கடற்பாறையையோ அவர் விற்கத் துணிந்தால் தடுப்பார் யார்? டெற்போட் என்னுமிடத்திலே தமது பழைய தோட்டத்தை மக்களுக்கு ஈய ஒருவர் முன்வந்தபோது, அதனை ஏற்று என்றும் பேணுதற்கு ஏற்ற சட்ட அமைப்பு ஒன்றும் இருக்கவில்லை. ஈவார் இருந்தும் ஏற்பார் இல்லாத நிலை அது. ஆகவே, மக்கள் பொருட்டு நிலத்தை உரிமையாக வைத்துக் காக்கும் ஒரு கழகம் வேண்டுமென 1884 இல் ஹன்ரர் எடுத்துரைத்தார். ஏழைகளின் குடியிருப்புகளைச் சீர்செய்து புகழ்பெற்ற ஒக்ரேவியா ஹில் அம்மையார் இது குறித்து அவருக்கு ஒரு கடிதம் வரைந்தார். ஹன்ரர் அக்கடிதத்தின் தலைப்பில் 'நஷனல் றஸ்ற்' என்னும் பெயரை ஒரு வினாக்குறியோடு எழுதி வைத்தார். பத்தாண்டுகளின் பின், றோன்ஸ்லி பாதிரியாரும் உடன் நின்று உழைக்க, 1895 சனவரியில் அப்பெயராலேயே கழகம் பதிவாயிற்று. ஹன்ரர் அதன் முதல் தலைவரானார்.

கழகம் பெற்ற முதற்கொடை கடலை நோக்கி நிற்கும் ஒரு குன்றுச் சரிவேயாகும். வேல்ஸ் நாட்டுப் பாமத் ஊருக்கு மேலுள்ள டினாஸ் ஒலாய் என்னும் அந்நிலத்தை, இயற்கை கெடாது காக்கும்படி ரால்பொற் அம்மையார் 1895 இல் ஈந்தார். பரப்பு 5 ஏக்கர் அளவே. 1897 இல் கோண்வோலின் ரின்ராஜல் ஊரிலே பெரிய விடுதியொன்று எழலாயிற்று. அவ்வமயம் அருகிலிருந்த பறாஸ் முனை பொதுமக்களின் நன்கொடையால் விலைக்கு வாங்கப்பட்டது.

நம் முன்னோர் கோயிலுக்கும் பள்ளிக்கும் தருமசாதனம் எழுதிவைத்ததும் இத்தகைய கருத்தினாலன்றோ! கொடுத்தவர் மறைந்தாலும் கொடை மறையலாகாது. ஹன்ரர் இதனைச் சட்டமாக்கினார். 1907 இல் அவர் முயற்சியால் நிறைவேறிய சட்டத்தின்படி, விற்றற்கரியது எனக் கழகம் அறிவித்த நிலத்தைப் பின்வரும் நிருவாகிகளும் விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. தம்மையும் தம் வழிவந்தோரையும் ஒருங்கே கட்டுப்படுத்திய நேர்மை இஃது.

இத்தனையும் அவர் வேறு தொழிலின்றி இருந்து ஆற்றியவையல்ல. 1882 முதல் 1913 வரை 31 ஆண்டுகள் பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் சட்டத்தரணியாகக் கடமையாற்றினார். 1913 இல் இளைப்பாறிச் சில திங்களுள், நவம்பர் 6 ஆம் நாள், ஹேசில்மியர் ஊரிற் காலமானார்.

அவர் அமைத்த கழகம் 1965 இல் கடற்கரை மீட்புக்கென 'நெப்ரியூன்' என்னும் தனி இயக்கத்தைத் தொடங்கிற்று. ஐந்து ஏக்கர்ச் சரிவிலே தொடங்கிய பணியால் இன்று 700 மைல்களுக்கு மேற்பட்ட கடற்கரை காவல் பெற்றுள்ளது. அக்கரைகளில் உலாவும் குழந்தைகளுள் ஹன்ரர் பெயரை அறிந்தோர் சிலராகவே இருத்தல் கூடும். அதனால் அவர் பணிக்குக் குறைவில்லை. கற்ற கல்வி பிறர்க்கு நிழலாதல் வேண்டுமென்பதை எம் மாணவர்கள் இவர் வாழ்விற் கண்டு, தத்தம் துறையில் அவ்வழி நிற்பாராக.