பத்து வெள்ளியைப் பெருக்கிய தலைவர்

நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் தோட்டத் தமிழர்களைக் கலங்கடித்த சொல், தோட்டத் துண்டாடல். வெளிநாட்டு முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். பால்மரம் வெட்டியவர்களுக்கு வேலை போனது. குடியிருந்த லயமும் தோட்டத்துக்குச் சொந்தமானது என்பதால், வேலையோடு வீடும் போனது.

இதற்குக் கணக்கின் வழியே தீர்வு தேடியவர் துன் வீ.தி. சம்பந்தன்.

1919 ஜூன் 16ஆம் நாள் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி ரப்பர் தோட்ட உரிமையாளர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுத் திரும்பிய சம்பந்தன், சொந்த ஊரில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி உருவாக முன்னின்றார். 1955இல் ம.இ.கா. தலைவரானார். அதே ஆண்டு துங்குவின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராகவும் பொறுப்பேற்றார்.

1960இல் அவர் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தோட்டம் தோட்டமாகச் சென்று, ஆளுக்குப் பத்து வெள்ளி முன்பணம் கட்டிப் பங்குதாரராகச் சேரும்படி தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டார். நாட்கூலியில் வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய பணம்.

அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தனி ஒருவரின் பத்து வெள்ளிக்குத் துண்டு நிலம்கூடக் கிடைக்காது. ஆயிரம் பேர் சேர்ந்தால் 10,000 வெள்ளி. பத்தாயிரம் பேர் சேர்ந்தால் ஒரு லட்சம். தவணைகள் தொடர்ந்தால் தொகை மேலும் வளரும். தொடக்கப்பள்ளிப் பெருக்கல்தான், ஆனால் கூலியாளை உரிமையாளராக்கும் பலம் அதற்கு இருந்தது. 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அடுத்தடுத்துப் பல தோட்டங்கள் தொழிலாளர் கைக்கு வந்தன.

பங்குதாரர் ஆனதும் கணக்கின் வேலை முடிந்துவிடவில்லை. இலாப ஈவு எவ்வளவு, கடன் எவ்வளவு, செலவு நியாயமானதா என்று பார்க்கத் தெரிந்தால்தான் உரிமை கையில் நிற்கும். கூட்டுறவில் எத்தனை பங்கு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். வரவு செலவை வாசிக்கத் தெரிந்தவரின் வாக்குக்கு அர்த்தம் கூடும். நாட்டின் வரவு செலவுத் திட்டத்துக்கும் இதே விதி பொருந்தும்.

சம்பந்தன் 1979 மே 18ஆம் நாள் மறைந்தார். அவர் தொடங்கிய சங்கம் இன்றும் இயங்குகிறது.

கூலாய் வட்டாரத்தில் படிக்கும் நம் மாணவர் பலருக்குத் தாத்தா பாட்டி தோட்டத்தில் உழைத்தவர்கள். இன்று அதே கூலாயில் தரவு மையங்கள் எழுகின்றன. அங்கே நல்ல வேலைக்குப் போக கணிதம் வேண்டும். கல்விக் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று பார்க்கவும், பெற்றோரின் ஊழியர் சேமநிதி அறிக்கையைப் புரிந்துகொள்ளவும் அதே கணிதம்தான் வேண்டும். மாணவர்களே, இன்றிரவு வீட்டில் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கி, ஒரு வரி விடாமல் கூட்டிப் பாருங்கள்.