ஏரின் பக்கம் நின்ற கணக்காளர்

வணிக நிறுவனங்களின் வரவு செலவைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், ஒரு நாட்டின் வரவு செலவை உழவனின் முற்றத்தில் நின்று பார்க்கத் தொடங்கினார். அன்று முதல் அவருடைய கணக்கு மற்றப் பொருளியல் அறிஞர்களின் கணக்கோடு ஒத்துப்போகவே இல்லை. நிலம் யாருடையது, அதில் முதலில் எது விளைய வேண்டும், விளைந்ததில் மண்ணுக்குத் திரும்பிச் செல்வது எவ்வளவு என்னும் மூன்று வினாக்களை அவர் இறுதிவரை விடவில்லை. அவரே ஜே.சி. குமரப்பா.

1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். சென்னையில் பயின்று, இலண்டன் சென்று கணக்காயர் ஆனார். நாடு திரும்பிப் பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தினார். நடை, உடை, உணவு அனைத்திலும் மேலைநாட்டு வழக்கமே அவரிடம் இருந்தது. ஆங்கில ஆட்சியின்மீது அவருக்கு அப்போது பெரிய மனக்குறை ஏதும் இல்லை.

மாற்றம் அமெரிக்காவில் நேர்ந்தது. 1927இல் அங்குச் சென்ற அவர் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மையில் பட்டம் பெற்றார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பயின்றார். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பற்றித் தேவாலயம் ஒன்றில் அவர் ஆற்றிய உரை நாளிதழில் வெளியாயிற்று. அதைப் படித்த பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு தூண்டினார். அரசின் வரி, கடன், செலவு ஆகியவற்றை ஏடு ஏடாகப் புரட்டிய கணக்காயருக்கு, உழவன் செலுத்திய வரி அவனுக்குப் பயன்படும் வழிகளில் செலவாகவில்லை என்பது தெளிவாயிற்று. எந்தத் தலைவரின் மேடைப் பேச்சும் அவரைத் தேசியவாதி ஆக்கவில்லை. அரசின் சொந்த ஏடுகளே ஆக்கின.

ஆய்வேட்டை நூலாக்க விரும்பி, 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைக் காணச் சென்றார். குறித்த நேரத்திற்கு முன்பே சென்றுவிட்டமையால் ஆற்றங்கரையில் உலவினார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் முதியவர் ஒருவர் நூற்றுக்கொண்டிருக்கக் கண்டு, சற்று நேரம் நின்று பார்த்தார். குமரப்பா என்பவர் அவர்தாமா என்று முதியவர் வினவிய பிறகே, தாம் காண வந்தவர் அவர் என்பது புரிந்தது. விலையுயர்ந்த உடையோடு அந்தத் தரையிலேயே அமர்ந்தார். பேச்சின் முடிவில் காந்தியடிகள் அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தார். குஜராத்தின் கேடா மாவட்டத்தைச் சேர்ந்த மாதர் வட்டத்தின் ஊர்களை ஆராய்ந்து, உழவர்களின் உண்மை நிலையை எழுத வேண்டும் என்பதே அது. குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்கள் துணையாக வந்தனர். வீடு வீடாகச் சென்று விளைச்சல், கடன், மாடு, வரி என்று திரட்டிய விவரங்கள், நிலவரி உழவனின் ஆற்றலுக்கு மீறியது என்பதை எண்களாலேயே நிறுவின. அந்நாளில்தான் கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டு, முன்னோர் பெயராகிய குமரப்பா என்பதை ஏற்றார், கதரும் உடுத்தினார்.

'யங் இந்தியா' இதழில் எழுதியதற்காகச் சிறை சென்றார். 1934இல் பீகாரைப் பெருநிலநடுக்கம் உலுக்கியபோது நிவாரண நிதியின் கணக்கை மேற்பார்த்தார். தொண்டர்களின் உணவுச் செலவுக்கு அவர் விதித்த வரம்பு மிகக் குறைவு. நிதியத்தின் கூட்டத்திற்கு வந்த காந்தியடிகளின் குழுவுக்கும் அவ்விதியைத் தளர்த்தவில்லை. அவர்களின் செலவை அவர்களே ஏற்க வேண்டும் என்றார். காந்தியடிகள் அதனை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டார்.

அவ்வாண்டின் இறுதியில் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம் தொடங்கப்பட, குமரப்பா அதன் செயலாளர் ஆனார். ஜம்னாலால் பஜாஜ் வழங்கிய தோட்டம் மகன்வாடி என்னும் பெயரில் தொழிற்கூடமாயிற்று. கைக்குத்தல் அரிசி, மரச்செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கையால் செய்யும் காகிதம், தாவர எண்ணெயில் எரியும் விளக்கு எனப் பல ஆய்வுகள் அங்கு நடந்தன. இவற்றைப் பழைமைப் பற்று என்று நகரத்துப் படிப்பாளிகள் நகைத்ததுண்டு. குமரப்பாவின் நோக்கமோ வேறு. நெல் ஆலைக்குப் போனால் தவிடும் கூலியும் ஊரைவிட்டுப் போகின்றன. எள் ஆலைக்குப் போனால் மாட்டுக்குரிய பிண்ணாக்கும் உடன் போகிறது. மாடு மெலிந்தால் சாணம் குறையும்; சாணம் குறைந்தால் நிலம் மெலியும். ஒரு செக்கு நின்றுபோவதன் இழப்பை வயலின் கணக்கில் எழுதத் தெரிந்தவர் அவர்.

1942 போராட்டத்தை ஒட்டிய சிறைவாசத்தில், ஜபல்பூர்ச் சிறையில் 'நிலைத்த பொருளியல்' என்னும் கருத்தை நூலாக்கினார். நிலக்கரியும் கல்நெய்யும் அள்ள அள்ளக் குறையும் தேக்கம். மரமும் மழையும் கால்நடையும் திரும்பத் திரும்ப வரும் ஓட்டம். தேக்கத்தை நம்பும் வாழ்வு போட்டியிலும் போரிலும் முடியும். ஓட்டத்தை நம்பும் வாழ்வே நிலைக்கும் என்றார். மனிதப் பொருளியலின் படிகளை விளக்கக் கொன்று தின்னும் புலி, பிறர் தோப்பில் பறிக்கும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை என உயிர்களையே சான்று காட்டினார். சுற்றுச்சூழல் என்ற சொல் இந்திய அரசியலில் புழங்காத காலம் அது.

அந்நூலின் உழவுப் பகுதி வெறும் தத்துவம் அன்று. ஒரு இலட்சம் மக்கள் வாழும் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, தானியம், பருப்பு, வெல்லம், எண்ணெய்வித்து, காய், பழம், பால், உடைக்கான பருத்தி ஆகியவை எவ்வளவு தேவை, அவற்றுக்கு எவ்வளவு நிலம் ஒதுக்க வேண்டும் என்று பட்டியலிட்டார். இதனைச் சமன்செய்த வேளாண்மை என்றார். ஊரின் பசி தீர்ந்த பின்னரே புகையிலையும் ஆலைக் கரும்பும் பயிராக வேண்டும். எந்த வயலில் எது பயிரிடுவது என்பதைத் தனி உழவன் சந்தைக்கு அஞ்சி முடிவு செய்யாமல், ஊர்ச் சமுதாயம் கூடி வகுத்து உரிமம் வழங்க வேண்டும். விதை, பாசனம், விற்பனை ஆகியவற்றைக் கூட்டுறவுச் சங்கம் தாங்க வேண்டும். இத்திட்டம் உழவனின் உரிமையைக் குறைப்பதாகத் தோன்றலாம். அந்த ஐயம் முற்றிலும் தவறென்று தள்ளிவிட இயலாது. ஆயினும் விலை வீழ்ச்சியில் தனியாக மூழ்கும் சிறு உழவனுக்கு வேறு பற்றுக்கோடு இல்லை என்பதே குமரப்பாவின் விடை.

உரத்திலும் அவர் கருத்து உறுதியானது. செயற்கை உரம் மண்ணுக்கு ஊக்கப்பொருள் போன்றது, ஊட்டம் ஆகாது என்றார். கழிவுகள் அனைத்தையும் மட்கவைத்து நிலத்திற்கே திருப்ப வேண்டும் என்றார். டிராக்டர் உழும், ஆனால் சாணம் இடாது என்பது அவர் அடிக்கடி நினைவூட்டிய உண்மை.

நிலமே இல்லாதவனுக்கு எருவைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார். விடுதலைக்குப்பின் காங்கிரசு அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். நாடெங்கும் சுற்றிய அக்குழு 1949இல் அறிக்கை அளித்தது. உழவனுக்கும் அரசுக்கும் இடைப்பட்ட எவரும் இருத்தலாகாது. கைம்பெண்கள், சிறார், உடற்குறையுடையோர் தவிர வேறெவரும் நிலத்தைக் குத்தகைக்கு விடலாகாது. ஆறு ஆண்டுகள் தொடர்ந்து உழுதவனுக்கு நிலத்தில் முழு உரிமை வேண்டும். ஒரு குடும்பத்திற்கும் ஓர் இணை எருதுகளுக்கும் முழு வேலையும், தக்க வாழ்வும் தரும் பரப்பே அளவுகோல். அதன் மும்மடங்கிற்கு மேல் எவரும் நிலம் வைத்திருக்கலாகாது. மிகச் சிறு துண்டு நிலங்களை உடையோர் கூட்டுறவுப் பண்ணையில் இணைய வேண்டும். வரப்பில் நின்று மேற்பார்ப்பது உழவு ஆகாது என்பதும் அறிக்கையின் உறுதியான கருத்து. உடலால் உழைத்து வேளாண்மையில் நேரடியாகப் பங்கு கொள்பவனே உழவன் என்றது அது.

இந்தக் கடைசி வரையறையே பலருக்கு இடறலாக இருந்தது. நிலச் சட்டம் இயற்றும் உரிமை மாநிலங்களிடம் இருந்தது. சட்டமன்றங்களில் நிலவுடைமையாளர்களின் செல்வாக்கு வலுவாக இருந்தது. பல மாநிலச் சட்டங்களில் சொந்தச் சாகுபடி என்பதன் பொருள் மேற்பார்வையாகவே நெகிழ்ந்துபோயிற்று. அதைக் காட்டிக் குத்தகை உழவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். திட்டக்குழு பெருந்தொழில்களின் பக்கம் திரும்பியது. தில்லியில் திட்டக்குழுவின் கூட்டத்திற்குக் குதிரை வண்டியில் சென்ற குமரப்பாவை அந்தச் சாலையில் வண்டி செல்லக்கூடாதென்று காவலர் தடுத்ததாகச் சொல்வதுண்டு. ஏழையின் வண்டிக்கு இடமில்லாத சாலையைக் குறித்து அவர் கடுமையாகவே முறையிட்டார்.

வார்தாவுக்கு அருகில் செல்டோ என்னும் சிற்றூரில் 'பண்ணை ஆசிரமம்' அமைத்து, தம் வேளாண் கருத்துகளைத் தம் கையாலேயே சோதிக்க முற்பட்டார். உடல்நலம் இடந்தரவில்லை. 1950களில் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டிக்கு வந்து, காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். எளிய குடிலில் திருமணமின்றித் தனித்து வாழ்ந்த அவர், சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் பணியாளர்களுக்கு வழிகாட்டினார். அவர் அறையில் காந்தியடிகளின் படத்தோடு ஓர் ஏழை உழவனின் படமும் இருந்தது. காண வந்தவர்கள் வியந்து வினவினால், காந்தியடிகள் தமக்குத் தலைவர், அந்த உழவனோ தம் தலைவருக்கும் தலைவர் என்பாராம்.

1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், சென்னையில் குமரப்பா உயிர் நீத்தார். அதற்கு அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட சென்னை மாநில நில உச்சவரம்புச் சட்டம், ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970இல் அது 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது.