விசையைத் தொட்ட விரல்
வ. வே. சு. ஐயர் வாழ்க்கை

வ. வே. சு. ஐயர் என்றதும் 'குளத்தங்கரை அரசமரம்' கதை நினைவுக்கு வரும். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர் என்பதும் நினைவுக்கு வரும். அந்தப் பேனா பிடித்த கைதான் ஒரு காலத்தில் இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக் கொடுத்தது!

திருச்சியை அடுத்த வரகனேரியில் 1881-ம் ஆண்டு பிறந்தார் ஐயர். வக்கீலாகத் தொழில் தொடங்கினார். பிறகு ரங்கூன் போனார். அங்கிருந்து பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

படிக்கப் போன இடத்தில் வாழ்க்கை திசை மாறியது.

லண்டனில் இந்திய மாணவர்கள் தங்கிய 'இந்தியா ஹவுஸ்' விடுதியில் சாவர்க்கரைச் சந்தித்தார். ஆயுதம் ஏந்தினால்தான் வெள்ளையர் ஆட்சி போகும் என்று நம்பியவர்கள் அங்கே கூடினார்கள். ஐயரும் அவர்களில் ஒருவரானார். பாரிஸ்டர் பட்டமா, தேசமா என்ற கேள்வி வந்தபோது பட்டத்தைத் துறந்தார்.

1909-ல் சாவர்க்கர் 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகளை ரகசியமாக இந்தியாவுக்கு அனுப்பி வைத்தார். பிரௌனிங் என்பவர் அமெரிக்கர். அவர் வகுத்துக் கொடுத்த துப்பாக்கிகள் பெல்ஜியம் நாட்டில் தயாராயின. சட்டைப் பையில் அடங்கிவிடும் அளவு சிறியவை.

சொரசொரப்பான விசை

இந்தத் துப்பாக்கியைச் சுடுவது சுலபம் என்று நினைக்கிறோம். உண்மை அப்படி இல்லை.

பிரௌனிங் வகைகள் சிலவற்றில் வெளியே சுத்தி தெரியாது. உள்ளே ஒரு சுருள்வில் இருக்கும். அதன் முன்னால் ஊசி போல ஓர் இரும்புக் கம்பி. அதை ஒரு சிறு கொக்கி பிடித்து வைத்திருக்கும். விரலால் விசையை இழுத்தால் கொக்கி விலகும். வில் விரியும். ஊசி பாய்ந்து தோட்டாவின் அடியில் குத்தும். தோட்டா வெடிக்கும்.

கொக்கி உரசும் இடம் சொரசொரப்பாக இருந்தால் விசை தடைபட்டுத் தடைபட்டு நகரும். சுடுகிறவர் பொறுமை இழந்து வெடுக்கென்று இழுப்பார். அந்த நொடியில் துப்பாக்கியின் முனை அசையும். குறி தப்பும்.

அழுக்கைத் துடைத்து அளவாக எண்ணெய் இட்டால் பாதி முரட்டுத்தனம் போகும். அரத்தை எடுத்து ராவுவது கைதேர்ந்த கொல்லர் வேலை. கொஞ்சம் கூடுதலாக ராவிவிட்டால் கொக்கிக்குப் பிடிப்பு போய்விடும். கீழே விழுந்தாலே துப்பாக்கி வெடிக்கும். ஆள் போய்விடும்.

மீதி முரட்டுத்தனம் விரலில் இருக்கிறது. மூச்சை அடக்கி, கை நடுங்காமல், விசையை மெல்ல மெல்ல அழுத்தப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு நாள் பிடிக்கும்.

புதுச்சேரியில் பாடம்

லண்டனில் போலீஸ் நெருங்கியது. சீக்கியரைப் போல வேடம் பூண்டு தப்பினார் ஐயர். பெட்டியின் மேல் இருந்த 'வி. வி. எஸ்.' என்ற எழுத்துக்கள் அவரைக் காட்டிக் கொடுக்கப் பார்த்தனவாம். அவை வீர விக்ரம் சிங் என்ற பெயரைக் குறிப்பதாகச் சொல்லிச் சமாளித்தார் என்று ஒரு கதை உண்டு.

1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அதற்கு முன்பே அங்கு வந்திருந்தார்கள்.

நெல்லிக்குப்பம், கடலூர் மக்களுக்குப் புதுச்சேரி பக்கத்து ஊர். ஆனால் அன்று இடையில் ஓர் எல்லை இருந்தது. அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. இந்தப் பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி. எல்லை தாண்டினால் கைதுதான். 1918-ல் பாரதியார் தாண்டி வந்தார். கடலூர் சிறை அவரை வாங்கிக் கொண்டது.

அந்தப் புதுச்சேரியில்தான் ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார். அவரிடம் கற்றவர்களில் செங்கோட்டை வாஞ்சிநாதனும் ஒருவர்.

1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையம். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் ரயில் பெட்டியில் அமர்ந்திருந்தார். வாஞ்சி உள்ளே ஏறிச் சுட்டார். ஆஷ் இறந்தார். சற்று நேரத்தில் வாஞ்சியும் தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார். அவர் கையில் இருந்தது பிரௌனிங் துப்பாக்கி.

ஒரே காலையில் இரண்டு பெண்கள் விதவையானார்கள்.

பேனாவும் பழிச்சொல்லும்

அதன் பிறகு ஐயரின் கை பேனாவைப் பிடித்தது. புதுச்சேரியிலேயே இருந்து திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1916-ல் நூல் வெளிவந்தது. 'மங்கையர்க்கரசியின் காதல்' முதலிய கதைகளையும் எழுதினார்.

1920-ல் பொதுமன்னிப்பு வந்தது. ஐயர் தமிழ்நாடு திரும்பினார். அன்று காந்தியடிகளின் ஒத்துழையாமை அலை வீசிற்று. ஆயுதப் பாதையை விட்டு அந்த வழியில் நின்றார் ஐயர். 'தேசபக்தன்' பத்திரிகைக்கு ஆசிரியரானார். அதில் வந்த கட்டுரைக்காக ஒன்பது மாதச் சிறை கிடைத்தது. பெல்லாரி சிறையில் கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் எழுதினார்.

பிறகு சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி போடப்பட்டது. பொதுப்பணம் வாங்கிய இடத்தில் பேதமா என்று பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். நாடே பேசியது. உயிரைத் துச்சமாக மதித்தவர், பந்தி விஷயத்தில் உடனே உறுதியான முடிவு எடுக்கத் தவறினார். தேசம் விடுதலை பெறவேண்டும் என்று விசையில் விரல் வைக்கச் சொன்னவர் வீட்டிலேயே, தேசத்தின் பிள்ளைகள் சேர்ந்து உட்காரவில்லை. அந்தப் பழி கடைசிவரை அவரைத் தொடர்ந்தது.

1925 ஜூன் மாதம். குருகுலத்துப் பிள்ளைகளோடு பாபநாசம் மலையருவிக்குப் போனார். மகள் சுபத்திரை தண்ணீரில் விழுந்துவிட்டாள். வெள்ளம் அவளை இழுத்தது. தந்தை ஒரு கணமும் யோசிக்கவில்லை. பாய்ந்தார்.

இருவருமே மீளவில்லை. ஐயருக்கு அப்போது வயது 44.