ஆல்ஃபிரட் மார்ஷல்: முதலாண்டுப் பொருளியல் வகுப்பும் அதன் மூடிய கதவும்

உலகின் எந்த நாட்டில், எந்த மொழியில் பொருளியல் பயிலத் தொடங்கினாலும், பல்கலைக்கழக மாணவர்கள் முதல் சில வாரங்களிலேயே ஒரு வரைபடத்தைச் சந்திக்கின்றனர். கீழ்நோக்கி இறங்கும் ஒரு கோடு, மேல்நோக்கி ஏறும் மற்றொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விலை. இக்கோடுகளைத் தமிழகப் பாடநூல்கள் தேவை, அளிப்பு என்றும், இலங்கைப் பாடநூல்கள் கேள்வி, நிரம்பல் என்றும் அழைக்கின்றன.

இப்படத்தை முதலில் வரைந்தவர் ஆல்ஃபிரட் மார்ஷல் அல்லர். பிரான்சின் கூர்னோ 1838லேயே இத்தகைய கோடுகளை வரைந்திருந்தார். ஆயினும் அதனைப் பல்கலைக்கழகப் பாடமாக நிலைநிறுத்தியவர் மார்ஷலே. வாங்கும் அளவு விலையைப் பொறுத்து மாறுகிறதென்றால், கணித வழக்கப்படி விலை கிடை அச்சில்தானே வரவேண்டும் என்று இன்றும் மாணவர்கள் கேட்பதுண்டு. அது செங்குத்து அச்சில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், மார்ஷல் அவ்வாறு வரைந்தார் என்பதுதான்.

லண்டனின் பெர்மண்ட்சி பகுதியில் 1842ஆம் ஆண்டு பிறந்த அவருடைய தந்தை, இங்கிலாந்து வங்கியில் பணியாற்றியவர். கண்டிப்பு மிக்க மதப்பற்றாளர். மகன் பாதிரியாராக வேண்டுமென்பது அவர் விருப்பம். மகனோ ஆக்ஸ்ஃபோர்டில் செம்மொழிகள் பயிலக் கிடைத்த உதவித்தொகையை மறுத்து, உறவினர் ஒருவரிடம் கடன் பெற்று, கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் கணிதம் பயின்றார். 1865ஆம் ஆண்டு கணிதத் தேர்வில் அவர் இரண்டாமிடம் பெற்றார். முதலிடம் பெற்றவர், பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ராலே பிரபு.

கணிதத்திலிருந்து தத்துவத்துக்கும், தத்துவத்திலிருந்து பொருளியலுக்கும் அவரை இழுத்துவந்தது வறுமை பற்றிய கேள்வி. விடுமுறை நாட்களில் பல நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளுக்குச் சென்று, தெருத்தெருவாக நடந்து மக்களின் முகங்களைப் பார்த்தார். ஒரு கடையில் கண்ட, வாடிய முகமுடைய மனிதனின் சிறு ஓவியத்தைச் சில ஷில்லிங்குகளுக்கு வாங்கித் தன் அறையில் வைத்துக்கொண்டார். தான் யாருக்காகச் சிந்திக்கவேண்டும் என்பதை அது தனக்கு நினைவூட்டும் என்று அவர் கருதினார்.

அவரிடம் பொருளியல் கற்றவர்களுள் ஒருவர் மேரி பேலி. கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியாக வளர்ந்த இல்லத்தில் முதன்முதலில் சேர்ந்த ஐந்து மாணவிகளுள் அவரும் ஒருவர். 1874ஆம் ஆண்டு அவர் அறநெறி அறிவியல் தேர்வை எழுதினார். தேர்வாளர்களில் இருவர் முதல் வகுப்புக்கும் இருவர் இரண்டாம் வகுப்புக்கும் அவர் தகுதியுடையவர் என மதிப்பிட்டனர். பெண் என்பதால் பட்டம் மட்டும் வழங்கப்படவில்லை.

இருவரும் 1877ஆம் ஆண்டு மணந்துகொண்டனர். திருமணமானவர்கள் கல்லூரி ஆய்வுறுப்பினராக நீடிக்க அன்றைய விதிகள் இடமளிக்காததால், மார்ஷல் பதவியை இழந்து பிரிஸ்டல் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வரானார். மேரியும் அங்கே பாடம் நடத்தினார். அவருக்கான ஊதியம் கணவரின் சம்பளத்திலிருந்தே கழிக்கப்பட்டது. வகுப்புகளுக்கான தொடக்கநிலைப் பாடநூலொன்றை எழுதும் பணி முதலில் மேரியிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1879ஆம் ஆண்டு அது இருவர் பெயரிலும் வெளிவந்தது. பின்னாளில் மார்ஷல் அந்நூலை விரும்பவில்லை. 1892ஆம் ஆண்டு அதனிடத்தைப் பிடித்த நூலில் அவர் பெயர் மட்டுமே இருந்தது.

உடல்நலம் குன்றியதால் முதல்வர் பதவியிலிருந்து விலகிய அவர், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் சில மாதங்கள் தங்கினார். அங்கே ஒரு விடுதியின் மொட்டைமாடியில்தான் நெகிழ்ச்சி என்னும் கருத்து அவருக்குத் தோன்றியது என மேரி பின்னர் பதிவு செய்துள்ளார். விலை பத்து சதவீதம் குறையும்போது விற்பனை இருபது சதவீதம் கூடினால் நெகிழ்ச்சி இரண்டு. உப்பின் விலை குறைந்தால் யாரும் சோற்றில் இரு மடங்கு உப்புப் போடுவதில்லை. அங்கே நெகிழ்ச்சி மிகக் குறைவு.

ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில், இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வானவர்களுக்குச் சில காலம் கற்பித்தபின், கேம்பிரிட்ஜ் பேராசிரியராகத் திரும்பினார். 1890ஆம் ஆண்டு வெளியான 'பொருளியல் கோட்பாடுகள்' அவருடைய உயிர்நாளிலேயே எட்டுப் பதிப்புகளைக் கண்டது. விலையைத் தீர்மானிப்பது உற்பத்திச் செலவா, நுகர்வோர் பெறும் பயனா என்ற நெடுநாள் சண்டைக்கு, கத்தரிக்கோலின் இரு அலகுகளும் சேர்ந்தே காகிதத்தை வெட்டுகின்றன என்னும் உவமையால் அவர் விடை கண்டார். காலத்தையும் அதில் சேர்த்தார். இன்று சந்தைக்கு வந்த மீனின் அளவை இன்றே கூட்டமுடியாது என்பதால், தேவைதான் விலையை ஆளும். ஆண்டுகள் செல்லச்செல்லப் புதிய படகுகள் வரும், செலவின் கை ஓங்கும்.

இத்தனை சிறந்த கணித அறிவு கொண்டவர், வரைபடங்களை அடிக்குறிப்புகளுக்கும் சமன்பாடுகளைப் பின்னிணைப்புக்கும் ஒதுக்கினார் என்பது குறிப்பிடத்தக்கது. வணிகர்களும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். பின்வந்த பாடநூல்களோ அடிக்குறிப்பையே பாடமாக்கிவிட்டன. ஏழைக் குடியிருப்புகளும் அந்த ஓவியமும் வகுப்பறையை விட்டு வெளியேறின, கோடுகள் தங்கின.

மார்ஷலின் நீண்ட முயற்சியால் 1903ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் பொருளியல் தனிப் பட்டப்படிப்பானது. ஆனால் அதற்கு முன்பே, பெண்களுக்குப் பட்டம் வழங்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, அவர் 1896ஆம் ஆண்டு துண்டறிக்கை எழுதி அதனை எதிர்த்தார். குடும்பக் கடமைகளுடைய பெண்களுக்கு ஆண்களின் கல்விமுறை பொருந்தாது என்பது அவர் வாதம். இளமையில் மாணவிகளுக்கு ஆர்வத்துடன் கற்பித்தவரின், அதிலும் நியூன்ஹாமில் பொருளியல் கற்பித்துக்கொண்டிருந்த ஒருவரின் கணவருடைய இந்த நிலைப்பாட்டை, காலத்தின் வழக்கம் என்று மட்டும் கூறி ஒதுக்கமுடியாது. அதே காலத்தில் அதே பல்கலைக்கழகத்தில் மாற்றுக் கருத்துடைய ஆண்களும் இருந்தனர். 1897ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் பெண்களின் கோரிக்கை பெரும் வித்தியாசத்தில் தோற்கடிக்கப்பட்டது.

1908ஆம் ஆண்டு பேராசிரியர் பதவியைத் துறந்த மார்ஷல், 1924ஆம் ஆண்டு ஜூலையில் காலமானார். அவருடைய மாணவர் கீன்ஸ் அவரைப் பற்றி விரிவான வாழ்க்கைக் குறிப்பொன்றை எழுதினார். மார்ஷலின் புத்தகங்கள் பல்கலைக்கழகத்தை அடைந்து, அவர் பெயரிலான நூலகத்தில் சேர்ந்தன. அந்நூலகத்துக்குத் தன் எண்பத்தேழாம் வயதுவரை வந்து, பொருளியல் மாணவர்களுக்கு நூல்களை எடுத்துக் கொடுத்தவர் மேரி. அவர் 1944ஆம் ஆண்டு காலமானார். பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கக் கேம்பிரிட்ஜ் முன்வந்தது 1948ஆம் ஆண்டு.