இராமானுஜன் பெற்ற உபகாரச் சம்பளம்

மேற்படிப்பை விரும்பும் மாணாக்கர் பலர்க்கு அறிவின் குறையினும் பொருளின் குறையே பெருந்தடையாய் நிற்பதை நாம் நாடோறும் காண்கின்றோம். ஆவடியினின்றும் அம்பத்தூரினின்றும் புகைவண்டியேறியும், பூந்தமல்லியினின்று பஸ்ஸிலும் சென்னைக் கலாசாலைகளுக்குச் செல்லும் இளைஞர் சிலருடைய பைகளில் பாடப் புத்தகங்களோடு உபகாரச் சம்பள விண்ணப்பம் ஒன்றும் இருக்கும். அதில் கேட்கப்படும் தகுதிகளுள் ஒன்று தம்மிடம் இல்லையே என்று மனஞ்சோர்பவரும் அவருள் உளர். அன்னார் பொருட்டு, ஸ்ரீநிவாச இராமானுஜனுடைய சரித்திரத்தை, அவர் கண்ட கணிதத்தின் வழியாக அன்றி, அவர் கைக்கு வந்த பணத்தின் வழியாகச் சொல்லப் புகுகின்றோம். அவருடைய கணிதத்தை விளக்கும் வன்மை எமக்கில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம்.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் ஒரு ஜவுளிக் கடையிற் கணக்கெழுதிப் பிழைத்தவர். 1904-இல் கும்பகோணம் அரசினர் கலாசாலையிற் சேர்ந்தபொழுது இவருக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆனால் கணிதமொன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் ஆங்கிலத்தில் தவறினார், சம்பளமும் நின்றது. அன்னை கலாசாலைத் தலைவரிடம் சென்று முறையிட்டும் பயனில்லை. நாணம் மேலிட்ட அவ்விளைஞர் ஒருவருக்கும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பின்பு 1906-இல் சென்னை வந்து பச்சையப்பன் கலாசாலையிற் பயின்று எப்.ஏ. பரீக்ஷைக்கு இருமுறை சென்றார், இருமுறையும் தவறினார். ஆகவே இருபது வயதில் அவர் கையில் ஒரு பட்டமும் இல்லை. கணிதம் நிறைந்த நோட்டுப் புத்தகங்களே இருந்தன.

1909-இல் விவாகம் நடந்தது. குடும்பப் பொறுப்பு வரவே, அந்நோட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு வேலை தேடிப் புறப்பட்டார். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவரும் திருக்கோவிலூரில் டெப்டி கலெக்டராயிருந்தவருமான வி. இராமசுவாமி ஐயர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இத்தகைய மேதையை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் அமர்த்தி அழிக்க மனமின்றிச் சென்னையிலிருந்த நண்பர்களிடம் அனுப்பினார். அவ்வழியே நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவ் அறிமுகமானார். என்ன வேண்டுமென்று அவர் கேட்டதற்கு, உணவைப் பற்றிய கவலையின்றிக் கணிதஞ் செய்ய ஓய்வு வேண்டுமென்றே இராமானுஜன் விடை கூறினார். ராவ் மாதந்தோறும் 25 ரூபாய் தம் கையினின்று அனுப்பினார். ஆயினும் ஒருவருக்குச் சுமையாய் நெடுநாள் இருத்தல் இராமானுஜனுக்கு உவப்பாயில்லை. சில மாதங்களில் அவ்வுதவியை வேண்டாமென்று விலக்கிவிட்டார். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதி சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவானார்.

அங்கிருந்தே 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் பேராசிரியருக்குத் தம் தேற்றங்களை எழுதியனுப்பினார். அக்கடிதத்தை யாவரும் அறிவர். அடுத்த மாதம் எழுதிய இரண்டாங் கடிதத்தை அறிந்தவர் சிலரே. தாம் அரைப்பட்டினியாய் இருப்பதையும், மூளையைக் காக்க முதலில் உணவு வேண்டியிருப்பதையும் அதில் ஒளிக்காமல் எழுதினார். ஹார்டி பரிவோடு ஒரு கடிதம் எழுதினால் சர்வகலாசாலையிடமோ அரசாங்கத்தாரிடமோ உபகாரச் சம்பளம் பெற அது உதவும் என்றும் கேட்டுக்கொண்டார். வேண்டுவதை வேண்டிய இடத்தில் கேட்பதற்கு அவர் வெட்கப்படவில்லை.

அதே மாதத்தில் வானிலை ஆராய்ச்சித் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். துறைமுகத் தலைவர் ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இராமானுஜனுடைய நோட்டுப் புத்தகங்களை அவரிடங் காட்டினார். வாக்கர் உடனே சென்னைச் சர்வகலாசாலை ரிஜிஸ்திரார் டியூஸ்பரிக்குப் பரிந்துரை எழுதினார். கணிதப் பாடக் குழுவும் இசைந்தது. ஆயினும் விதி குறுக்கே நின்றது. ஆராய்ச்சிச் சம்பளம் எம்.ஏ. பட்டம் பெற்றவர்க்கே உரியது, இவரோ எப்.ஏ.யும் தேறாதவர். ஏப்ரல் 7-ஆம் தேதி சிண்டிகேட் கூடியபொழுது இத்தடை எழுப்பப்பட்டது. அப்பொழுது ஹைகோர்ட்டு நீதிபதி பி. ஆர். சுந்தரமையர், சர்வகலாசாலையை நிறுவிய சட்டத்தின் முகவுரையில் ஆராய்ச்சியை வளர்த்தலும் அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டிருக்கின்றதன்றோ என்று வினவினார் என்பர். சட்டம் அறிந்தவர் அதன் எழுத்தை விட்டு நோக்கத்தைப் பற்றிக்கொண்டார். மாதம் 75 ரூபாய் இரண்டு ஆண்டுகளுக்கு என முடிவாயிற்று. மூன்று மாதத்துக்கொருமுறை ஆராய்ச்சி அறிக்கை அனுப்புவதே நிபந்தனை. துறைமுகத்தார் விடுமுறை அளித்தனர். 1913 மே முதல் இராமானுஜன், பட்டமில்லாத ஆராய்ச்சி மாணாக்கராய், சர்வகலாசாலைப் புத்தகசாலைக்குள் நுழைந்தார்.

மறுவருஷத் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் சொற்பொழிவாற்றச் சென்னை வந்து, இராமானுஜனைச் சீமைக்கு அனுப்புமாறு சர்வகலாசாலையை வேண்டினார். இம்முறை தடையொன்றும் எழவில்லை. ஆண்டுக்கு 250 பவுன், கப்பற் பயணச் செலவு, உடை முதலியவற்றுக்கு 100 பவுன் என்று வகுக்கப்பட்டது. கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவும் ஆதரித்தார். இராமானுஜனோ அத்தொகையில் மாதம் 60 ரூபாயைக் கும்பகோணத்திலுள்ள தம் தாயாருக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டே, மார்ச்சு 17-ஆம் தேதி நெவாஸா என்னுங் கப்பலேறினார். டிரினிடி கலாசாலை தானும் 60 பவுன் அளித்தது.

அங்கு அவர் செய்தவற்றை உலகறியும். 1916-இல் ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பட்டமும், 1918-இல் ராயல் சங்க அங்கத்தினர் பதவியும் வந்தன. அவ்வாண்டு அக்டோபரில் டிரினிடி, கடமை யாதுமின்றி ஆண்டுக்கு 250 பவுன் ஆறு ஆண்டுகளுக்குத் தரும் பெலோஷிப்பை அளித்தது. சென்னைச் சர்வகலாசாலையும் ஐந்து ஆண்டுகளுக்கு 250 பவுன் தர முன்வந்தது. வறுமை ஒருவாறு நீங்கியபொழுது உடல்நலம் போயிருந்தது.

நோயாளியாயிருந்த அவர் 1919 ஜனவரி 11-ஆம் தேதி டியூஸ்பரிக்கு எழுதிய கடிதமே இச்சரித்திரத்தில் எம்மை மிகவுங் கவர்ந்தது. சென்னையார் தரும் தொகை தம் தேவைக்கு மிகுதி என்று அதில் தெரிவித்தார். ஆண்டுக்கு 50 பவுன் தம் பெற்றோர்க்குச் செல்க. தம் அவசியச் செலவு போக எஞ்சியது ஏழைச் சிறுவர்க்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளில் புத்தகங்கள் வழங்கவும் பயன்படுக என்று கேட்டுக்கொண்டார். ஒருகாலத்தில் உபகாரச் சம்பளம் நின்றதனால் ஊரைவிட்டு ஓடியவரல்லரோ!

ஏப்ரல் மாதம் சென்னை திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சேத்துப்பட்டில், தம் முப்பத்திரண்டாம் வயதில் இறந்தார். மனைவியார் ஜானகி அம்மாள் சில ஆண்டுகள் பம்பாயிலிருந்து, 1931-இல் சென்னை வந்து திருவல்லிக்கேணியில் குடியிருந்தார். சர்வகலாசாலை தந்த ஓய்வூதியமும் தம் தையல் வேலையின் வருவாயுமே அவர் ஜீவனத்துக்கு ஆதாரமாயின. அவர் 1994 வரை வாழ்ந்தார்.