கண்ணுக்குள் விழுந்த கறையை வரைந்தவர்

நோர்வே என்றால் எம்மில் பலருக்குச் சமாதானப் பேச்சுகள்தான் நினைவுக்கு வரும். எனக்கு ஓவியர் எட்வர்ட் மூங்க் நினைவுக்கு வருவார். சிறுவயதிலேயே தாயையும் அக்காவையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். 1893இல் 'அலறல்' ஓவியத்தை வரைந்து உலகப் புகழ் பெற்றவர்.

1930இல், 66 வயதில், அவரது வலது கண்ணுக்குள் திடீரென இரத்தம் கசிந்தது. இடது கண் ஏற்கெனவே மங்கல். இருந்த நல்ல கண்ணும் போனால் ஓவியனுக்கு என்ன மிச்சம்? மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார். மூங்க்கோ ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மற்றக் கண்ணுக்குள் மிதந்த கறையையே வரையத் தொடங்கினார். வட்டத்துக்குள் வட்டம், கூரிய அலகோடு ஒரு கரும்பறவை. இரத்தம் கரையக் கரைய அந்த உருவம் மாறியதையும் விடாமல் பதிந்தார்.

பயமில்லாமல் வரைந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. செல்துண்டு பட்டு ஒரு கண்ணை இழந்தவர்கள் வாழும் ஊர்க்காரி நான். அதனாலோ என்னவோ, 'அலறல்' ஓவியத்தைவிட இந்தச் சிறு தாள்களே எனக்கு நெருக்கமானவை.

பார்வை ஓரளவு திரும்பியது. கடைசிவரை வரைந்தார். ஜேர்மன் படைகள் நோர்வேயைப் பிடித்திருந்த 1944 ஜனவரியில் காலமானார். தன்னிடமிருந்த ஓவியங்களை ஒஸ்லோ நகருக்கே எழுதிவைத்திருந்தார். கறை படிந்த அந்தத் தாள்களும் அங்கேதான் இருக்கின்றன.