நான்கு பிள்ளைகளுக்கு ஒரு அம்மா

போர் முடிந்த மறு ஆண்டு, வன்னியில் ஒரு சிறுவர் இல்லத்தில் பராமரிப்பாளராகச் சேர்ந்தேன். முறை மாறி வேலை. காலையில் ஒருவர், இரவில் இன்னொருவர். ஒரு பிள்ளை என்னோடு ஒட்டிக்கொண்டால் அதிகம் இடம்கொடுக்க வேண்டாம் என்பார்கள். பிறகு பிரியும்போது பிள்ளை உடைந்துவிடுமாம். அனா புரொய்டைப் பற்றி வாசிக்கும்வரை நானும் அதைச் சரியென்றே நம்பினேன்.

உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் புரொய்டின் கடைசி மகள் அவர். 1895இல் வியன்னாவில் பிறந்தார். மருத்துவம் படித்தவரல்ல, பாடசாலை ஆசிரியை. 1938இல் நாஜிகள் ஒஸ்ரியாவைப் பிடித்ததும் கெஸ்டாப்போ அவரை விசாரணைக்குக் கொண்டுபோனது. அன்றே திரும்பினார். சில மாதங்களில், நோயாளித் தந்தையுடன் லண்டனுக்கு அகதியாகப் போனார். அடுத்த ஆண்டு தந்தை இறந்தார். வியன்னாவில் விட்டுவந்த நான்கு மாமிமாரும் பின்னர் நாஜி முகாம்களில் மாண்டார்கள்.

1941இல், தோழி டொரொதி பேர்லிங்காமுடன் லண்டன் ஹம்ஸ்டெட்டில் போர்க்காலக் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே அவர் கண்டது எங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று. தாயின் மடியில் இருந்த குழந்தை, தாய் பதறாதவரை, குண்டுச்சத்தத்தையும் தாங்கியது. பாதுகாப்புக்கென்று தாயிடமிருந்து பிரித்து அனுப்பப்பட்ட குழந்தையே அதிகம் குலைந்தது. அதனால் தாய்மார் எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவைத்தார்.

தாய் வரமுடியாத பிள்ளைகளுக்கு என்ன செய்வது? முதலில் அங்கும் எங்கள் இல்லம்போலத்தான், எல்லாப் பிள்ளைகளையும் எல்லாரும் பார்த்தார்கள். பிறகு பிள்ளைகளைச் சிறு குடும்பங்களாகப் பிரித்தார். ஏறத்தாழ நான்கு பிள்ளைகளுக்கு ஒரு அம்மா. குளிப்பாட்டுவதும் உடுப்பு மாற்றுவதும் அவரே.

உடனே அமைதி வந்துவிடவில்லை. இல்லமே அமளிப்பட்டது. பொறாமை, அடிபிடி, அம்மா அறையைவிட்டு வெளியே போனால் அலறல். எங்கள் மேலதிகாரிகள் பார்த்திருந்தால் மறுநாளே பழைய முறைக்குத் திருப்பியிருப்பார்கள். அவர் பொறுத்திருந்தார். அமளி தணிந்தபோது, பேச்சில் பின்தங்கியிருந்த பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். மலசலகூடப் பழக்கம் பிடிபடாதவர்களுக்கு அதுவும் பிடிபட்டது.

1945இல், தெரேசியென்ஸ்டாட் முகாமிலிருந்து தப்பிய ஆறு குழந்தைகள் இங்கிலாந்துக்கு வந்தார்கள். மூன்று வயதளவு, ஒருவருக்கும் பெற்றோர் இல்லை. பெரியவர்களைக் கடித்தார்கள், பொம்மைகளை உடைத்தார்கள். தங்களுக்குள் மட்டும் ஒருவரையொருவர் விட்டுப் பிரிய மாட்டார்கள். அவர்களைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் வைத்துப் பார்க்கச் செய்தார் அனா. அந்தக் கதையைப் பின்னர் எழுதியும் வைத்தார்.

உளப்பகுப்பாய்வில் பல விடயங்கள் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதிலும் சிலவற்றை என்னால் ஏற்கமுடியவில்லை. ஆனால் 1982இல் இறக்கும்வரை குழந்தைகளுடனேயே கிடந்த அந்த மனுசியின் அவதானிப்பை நம்புகிறேன்.

எங்கள் இல்லத்தில் ஒருபோதும் அழாத சிறுமி ஒருத்தி இருந்தாள். நல்ல பிள்ளை என்றே எல்லோரும் சொன்னோம். அவளையும் இன்னும் மூவரையும் என் பொறுப்பிலேயே விடும்படி கெஞ்சிக் கேட்டேன். அரைமனதோடு சம்மதித்தார்கள். மூன்றாம் கிழமை, முறை முடிந்து நான் வெளிக்கிட்டபோது, அவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு குளறினாள்.